சீல் கைக்குள் அடங்கும், கூலி அடங்காது

என் கார் நிற்கிற இடத்தில் பழைய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வைத்திருக்கிறேன். குப்பை என்று நினைத்து அதை எடுத்துப் போடப் போனவர்கள் உண்டு. எனக்கு அது வண்டியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். காலையில் வண்டியை நகர்த்தியதும் முதல் வேலை, அட்டையில் எத்தனை சொட்டு, என்ன நிறம், எந்தப் பக்கம் என்று குனிந்து பார்ப்பது.

இந்தப் பழக்கம் ஒரு பெரிய செலவு எஸ்டிமேட்டில் ஆரம்பித்தது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்துக்கு நேர் கீழே கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து அரை நிமிஷம் பார்த்த மெக்கானிக், "கிராங்க் பேக் சீல் போயிடுச்சு சார், கியர் பாக்ஸ் இறக்கணும்" என்றார். எஞ்சினுக்குள் சுழல்கிற கிராங்க் ஷாஃப்ட் பின்பக்கம் வெளியே வருகிற இடத்தில் ஆயிலைத் தடுத்து நிற்கிற ரப்பர் வளையம்தான் அது. சீல் என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். இவ்வளவுதானா என்று இருந்தது. அப்புறம் கூலியைச் சொன்னார். சீல் விலையைப் போல இருபது மடங்குக்கு மேல். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை, அப்போது கையில் அவ்வளவு பணம் இல்லை, அதுதான் உண்மை.

பணம் இல்லாததால் கிடைத்த அவகாசம்தான் என்னைக் காப்பாற்றியது. அந்த மாதம் முழுக்க அட்டையைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ராத்திரிக்கு எட்டுப் பத்துச் சொட்டு. இருபது சொட்டு சேர்ந்தால் கிட்டத்தட்ட 1 மில்லி என்று வைத்துக்கொண்டால், நின்றபடி ஒழுகுவது மாதத்துக்கு 15 மில்லியைத் தாண்டாது. ஓடும்போது எஞ்சின் சூடாகி, ஆயில் இளகி, இதைவிட அதிகம் போகும், சரி. ஆனாலும் ஆயிலை அளக்கிற டிப் ஸ்டிக்கில் அளவு பெரிதாக இறங்கவில்லை. புகைபோக்கிக் குழாயின் மேல் சொட்டவில்லை, டைமிங் பெல்ட்டின் மேல் படவில்லை. அப்படிப் பட்டிருந்தால் நானும் காத்திருந்திருக்க மாட்டேன். சூடான குழாயில் ஆயில் விழுந்தால் தீப்பிடிக்கலாம், ரப்பர் பெல்ட் ஆயிலில் ஊறினால் அறுந்து எஞ்சினே போகலாம். என் வண்டியில் ஒழுகியது தரையை மட்டும்தான் அழுக்காக்கியது.

ஒழுகல் விஷயத்தில் முதலில் பழக வேண்டியது நிறம். பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயில். பச்சை, ஆரஞ்சு, ரோஸ் என்று ஏதாவது ஒன்றாக இருந்து, இனிப்பான வாசனையும் வந்தால் கூலன்ட். நிறமும் வாசனையும் இல்லாமல் தண்ணீராக இருந்தால் ஏ.சி.யிலிருந்து வருவது, நிம்மதியாகத் தூங்கலாம்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு லாபம் கொடுத்தது. ஆயில் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. ஆயில் மேலிருந்து கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்று அதை முன்னாலிருந்து பின்னால் தள்ளும். அதனால் எஞ்சினின் உச்சியில் ஒரு மூலையில் கசிந்தாலும் அது பிளாக்கின் முதுகு வழியே வழிந்து, பேக் சீல் இருக்கிற இடத்தில் வந்து தேங்கி, அங்கிருந்து சொட்டும். கீழிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பவருக்குக் குற்றவாளி பேக் சீல்தான் என்று தோன்றும்.

ஒரு விடுமுறை நாளில் எஞ்சினை டீகிரீஸர் போட்டுக் கழுவினேன். மின் இணைப்புகளைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவிட்டு, எஞ்சின் ஆறியிருக்கும்போது. நன்றாகக் காய்ந்ததும் சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் டால்கம் பவுடரைத் தூவினேன். குழந்தைக்குப் பூசுகிற அதே பவுடர். பதினைந்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்தேன். வெள்ளைப் பவுடரில் ஒரு பழுப்புக் கோடு, எஞ்சினின் உச்சி மூடியான டேப்பட் கவரின் பின்பக்க மூலையிலிருந்து நேராகக் கீழே. கோட்டின் தலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் கசிவு. பேக் சீலுக்கு மேலே வரை கோடு வந்திருந்தது. ஆயிலில் கலக்கிற ஒளிரும் சாயமும் அதற்கான புற ஊதா விளக்கும் கிடைக்கின்றன. பவுடர் தூவ முடியாத இடுக்குகளுக்கு அவைதான் சரி. எனக்குப் பவுடரே போதுமாக இருந்தது.

ஆக, எனக்குத் தேவைப்பட்டது டேப்பட் கவர் கேஸ்கட், அதாவது அந்த மூடியின் விளிம்பில் ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர்ப் பட்டை. பத்துப் பன்னிரண்டு போல்ட்டைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். கியர் பாக்ஸ் அதன் இடத்திலேயே இருக்கலாம்.

இனி பாகம் வாங்கும் கதை. அதில் நான் முதலில் செய்தது முட்டாள்தனம். வண்டியின் பெயரையும் வருஷத்தையும் சொல்லி ஒரு கேஸ்கட் வாங்கிவந்தேன். கவரைக் கழற்றி, பழையதைச் சுரண்டி எடுத்து, புதியதை வைத்துப் பார்த்தால் ஒரு வளைவு இடிக்கிறது. ஒரே வருஷத்தில் ஒரே பெயரில் வந்த வண்டியில் நடுவில் எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். பிரித்துப் போட்ட எஞ்சினை வீட்டில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிக் கடைக்குப் போன அனுபவம் ஒரு தடவை போதும். அதற்குப் பிறகு எந்தப் பாகம் கேட்டாலும் சேஸிஸ் நம்பரைக் கொடுத்துத்தான் கேட்பேன். 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அந்த நம்பரை வைத்து, கம்பெனியின் பாகப் பட்டியலில் உங்கள் வண்டிக்கு உரிய பாக எண்ணை எடுத்துவிடலாம். பழைய பாகத்தின் மேலேயே எண் அச்சடித்திருந்தால் இன்னும் நல்லது. சில எண்கள் காலாவதியாகி அவற்றுக்குப் பதில் புது எண் வந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த எண் கையில் இருந்தால்தான் மலிவு என்ற பேச்சையே எடுக்க முடியும். ஏனென்றால் கார் கம்பெனிகள் பெரும்பாலும் கேஸ்கட்டும் ஆயில் சீலும் செய்வதில்லை. எல்ரிங், விக்டர் ரைன்ஸ், என்.ஓ.கே., ஃபிராய்டன்பெர்க் மாதிரியான கம்பெனிகள் செய்து கொடுக்கின்றன. கார் கம்பெனி தன் உறையில் போட்டுத் தன் விலையை ஒட்டுகிறது. அதே தயாரிப்பாளரின் சொந்த உறையில் அதே பாகம் பல நேரம் பாதி விலைக்குக் கிடைக்கும். கம்பெனி பாக எண்ணுக்கு இணையான எண் எது என்று இந்தத் தயாரிப்பாளர்களின் பட்டியல்களிலேயே தேடலாம். என் பழைய கேஸ்கட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, ஓரத்தில் மிகச் சின்ன எழுத்தில் செய்தவர் பெயர் இருந்தது. அதைப் பார்த்துத்தான் இரண்டாவது தடவை சரியானதை வாங்கினேன்.

இன்னொரு வழியும் உண்டு. எஞ்சின் ஒன்று, வண்டிகள் பல. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் எஞ்சின் ஃபியட், ஓப்பல், சுசுகி, டாடா என்று பல பெயர் ஒட்டிய வண்டிகளில் ஓடியது. ரெனோவின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் நிசானில் இருந்தது, டாசியாவில் இருந்தது, மெர்சிடிஸ் ஏ-கிளாஸிலும் இருந்தது. ஒரே எஞ்சினின் ஒரே சீலுக்கு, முன்னால் ஒட்டியிருக்கிற சின்னத்தைப் பொறுத்து விலை மாறும். எஞ்சின் குறியீட்டைக் கொண்டு தேடினால் இந்த வேடிக்கை தெரியும். சில எஞ்சின்களில் ஒரு கம்பெனி போட்ட மூடியோ வடிவமோ மாறியிருக்கலாம், அதனால் பாக எண்ணை ஒப்பிடாமல் காசு கொடுக்கக் கூடாது.

ஆயில் சீல், ஓ-ரிங் விஷயத்தில் கார் கடைக்கே போக வேண்டாம் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு வயதான மிஷின் ஆபரேட்டர். "அளவு தெரிஞ்சா பேரிங் கடைக்குப் போ தம்பி, கார் பேரைச் சொல்லாதே" என்றார். ஆயில் சீலின் முகத்தில் 35-50-8 என்று மூன்று எண் இருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், மூன்றும் மில்லிமீட்டரில். பக்கத்தில் டி.சி. என்று இருந்தால், சுருள் கம்பி பொருத்திய முதல் உதடும், தூசியைத் தடுக்கிற இரண்டாவது உதடும் உள்ளது என்று அர்த்தம். இந்த அளவுகள் தண்ணீர் மோட்டாரிலும் கியர் பெட்டியிலும் ஓடுகிற அதே அளவுகள்தான். பேரிங் கடையில் அலமாரி முழுக்க அடுக்கியிருக்கும். ஓ-ரிங் என்றால் உள்விட்டமும் வளையத்தின் தடிமனும் போதும். 1939-இல் நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அந்த ஒற்றை ரப்பர் வளையத்தில்தான் இன்றைக்கும் எஞ்சினின் பாதி மூட்டுகள் நம்பிக்கை வைத்திருக்கின்றன. கேம் சென்ஸாரின் ஓ-ரிங்கை ஒரு ஒர்க்‌ஷாப்பில் சென்ஸாரோடு சேர்த்து மாற்றச் சொன்னார்கள். நான் பழைய ரிங்கை வெர்னியரில் அளந்து கொண்டுபோய், ஒன்றுக்குப் பதில் ஐந்தாக வாங்கிவந்தேன். ஐந்தும் சேர்ந்து ஒரு டீ விலைகூட வரவில்லை. சென்ஸார் இன்னும் அதே சென்ஸார்தான்.

இந்த வழியில் இரண்டு குழிகள் உண்டு. இரண்டிலும் ஒவ்வொரு தடவை விழுந்திருக்கிறேன்.

ஒன்று, சுழலும் திசை. கிராங்க், கேம் சீல்கள் சிலவற்றின் உதட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்த வரிகள் இருக்கும், முகத்தில் அம்புக்குறியும் இருக்கும். ஷாஃப்ட் சுழல்கிற திசையில் அந்த வரிகள் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். அளவு சரியாக இருந்து திசை மாறியிருந்தால், அதே வரிகள் ஆயிலை வெளியே இறைக்கும். சீல் புதிது, போட்டதும் சரி, ஆனால் முன்பைவிட அதிகமாக ஒழுகுகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

இரண்டு, ரப்பரின் சாதி. எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. என்.பி.ஆர். என்கிற நைட்ரைல் ரப்பர்தான் மலிவு. 100 டிகிரி செல்சியஸைச் சுற்றித் தாங்கும், அதற்கு மேல் தொடர்ந்து காய்ந்தால் இறுகிப்போகும். ஏ.சி.எம். என்கிற அக்ரிலிக் ரப்பர் 150 வரை போகும். எஃப்.கே.எம்., அதாவது வைட்டான் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்தது, 200 வரை தாங்கும், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. ஓடுகிற எஞ்சினில் ஆயிலே 100 டிகிரியைத் தொடும். அப்படி இருக்க, கிராங்க் சீலுக்கு நைட்ரைல் வாங்குவது வெயிலில் மெழுகுவர்த்தியை நட்டுவைப்பது போலத்தான். கூலன்ட் பக்கம் பயன்படுகிற ஈ.பி.டி.எம். ரப்பர் தண்ணீருக்கு ராஜா. ஆனால் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கில் நான் போட்ட ஒரு மலிவு ஓ-ரிங்கைக் கொஞ்ச நாள் கழித்துக் கழற்றியபோது, அது பழைய பள்ளத்தில் உட்காராத அளவுக்குத் தடித்து, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று இருந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அளவைச் சொன்ன நான் ஆயிலுக்கா தண்ணீருக்கா என்று சொல்லவில்லை.

டூப்ளிகேட் தொல்லை தனி. இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு ஒரு முழு கேஸ்கட் செட் வாங்கினேன், பெயர்பெற்ற பிராண்டின் உறையில். டேப்பட் கவர் கேஸ்கட்டை மடித்துவிட்டு விட்டால் நல்ல ரப்பர் உடனே பழைய வடிவுக்கு வரும். இது சோம்பல் முறித்து எழுந்திருப்பது போல மெல்ல வந்தது. வார்ப்பு விளிம்பில் பிசிறு. உறையில் எழுத்துகள் சற்றே மங்கல். இதையெல்லாம் பார்த்தும், வாங்கியாயிற்றே என்று போட்டேன். மூன்று மாதத்தில் மறுபடியும் பழைய மூலையில் ஈரம். கழற்றினால் பட்டையாகப் படுத்துக் கல்லாகியிருந்தது. இன்னொன்று, முழு செட் என்பதே எனக்குத் தேவையில்லாத செலவு. எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்றுகிறவருக்குத்தான் அது லாபம். அதிலிருந்த வால்வு சீல்களும் ஹெட் கேஸ்கட்டும் இன்னும் பிரிக்காமல் ஷெல்ஃபில் கிடக்கின்றன, கிடந்து கிடந்து ரப்பர் வயசாகிக்கொண்டிருக்கிறது.

நல்ல கேஸ்கட்டைப் போட்டபிறகும் ஒரு சங்கடம் வந்தது. மேலே ஒழுகல் நின்றது, முன்பக்க கிராங்க் சீலில் ஈரம் தட்டியது. அடுத்த சீலையும் வாங்கத் தயாராகிவிட்டேன். அதற்குள் யாரோ சொன்னது ஞாபகம் வந்து, எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, வாயில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தேன். லேசாக உள்ளே இழுக்க வேண்டும். என் காகிதம் படபடவென்று அடித்துக்கொண்டு வெளியே தள்ளப்பட்டது. எஞ்சினின் வயிற்றில் சேரும் காற்றை மறுபடியும் உறிஞ்சு பக்கத்துக்கு அனுப்புகிற பி.சி.வி. வால்வு, கரி பிடித்து அடைத்துக் கிடந்திருக்கிறது. வெளியேற வழியில்லாத அழுத்தம், இருக்கிற சீல்களில் எது பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளுகிறது. நான் ஒரு ஓட்டையை அடைத்தால் அது அடுத்த ஓட்டையைத் தேடும். வால்வைக் கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே டக் டக் என்று சத்தம் கேட்க வேண்டும், ஊமையாக இருந்தது. புதியதைத் திருகி வைக்க ஐந்து நிமிஷம். முன் சீல் தானாகவே காய்ந்துபோனது. எஞ்சின் எங்கே ஒழுகினாலும் முதலில் இந்த வால்வைப் பார்க்கச் சொல்லி எல்லாரிடமும் தொணதொணக்கிறேன், வீட்டில் சலித்துவிட்டார்கள்.

ஒழுகலை நிறுத்த ஆயிலில் ஊற்றுகிற டப்பா மருந்துகள் பற்றிக் கேட்பார்கள். அவை சுருங்கிய ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், மெதுவாகக் கசிகிற பழைய சீலில் சில காலம் பலிக்கும். கிழிந்த சீலுக்கு ஒன்றும் செய்யாது. ரேடியேட்டரில் ஊற்றுகிற அடைப்பு மருந்தை மட்டும் நான் தொடமாட்டேன். ஓட்டையோடு சேர்த்து ஹீட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடும்.

காயலான் கடை எனக்குப் பிடித்த இடம். ஆனால் அங்கே வாங்குவதில் எனக்கு ஒரு கோடு உண்டு: உலோகம் வாங்கலாம், கெட்டிப் பிளாஸ்டிக் வாங்கலாம், ரப்பரை வாங்கவே கூடாது. போல்ட்டை ஆவேசமாக முறுக்கியதில் என் டேப்பட் கவரின் பிளாஸ்டிக் ஒரு மூலையில் விரிசல் விட்டுவிட்டது. பல எஞ்சின்களில் அந்த போல்ட்டுகளுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், மணிக்கட்டால் மட்டும் திருப்புகிற இறுக்கம். நான் தோளையும் சேர்த்துவிட்டேன். புதுக் கவர் மிக விலை, பிரித்துப் போட்ட வண்டியின் கவர் அதில் ஒரு சிறு பங்கு. மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று வெயிலில் காட்டி, கேஸ்கட் உட்காரும் பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்த்து வாங்கினேன். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்குகிற ஆயில் சேம்பர், டைமிங் கவர், தெர்மோஸ்டாட் ஹவுசிங் எல்லாம் இப்படி வாங்கலாம். வாட்டர் பம்ப்பை வாங்கினால், அடுத்தவர் எதற்காகக் கழற்றிப் போட்டார் என்பதை நாம் நம் காசில் தெரிந்துகொள்வோம்.

சேம்பருக்குப் பல புது எஞ்சின்களில் கேஸ்கட்டே கிடையாது. குழாயில் வருகிற சிலிகான் பசைதான் கேஸ்கட். உள்பக்கம் அதிகம் பிதுங்கினால் துண்டு பிய்ந்து, ஆயில் உறிஞ்சுகிற வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒழுகலை நிறுத்தப் போய் எஞ்சினுக்கு ஆயிலே போகாமல் செய்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். மெல்லிய ஒரே கோடு, முகப்பு எண்ணெய்ப் பசையில்லாமல் சுத்தம், டப்பாவில் போட்டிருக்கிற நேரம்வரை பொறுமை. வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

சரி, அந்த பேக் சீல் என்ன ஆயிற்று? மூன்று வருஷம் கழித்து கிளட்ச் தேய்ந்தது. எப்படியும் கியர் பாக்ஸ் இறங்கியாக வேண்டும். அப்போது சீலை மாற்றக் கூலி ஏறக்குறைய இல்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் விலையே கேட்கவில்லை, இருப்பதிலேயே நல்லதைக் கொடுங்கள் என்றேன். டேப்பட் கவர் கேஸ்கட் மலிவாக வாங்கித் தோற்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். இங்கே மலிவைப் போட்டால் கியர் பாக்ஸ் மறுபடி இறங்கும். வந்தது டெஃப்லான் உதடு வைத்த சீல். பழைய பழக்கத்தில் உதட்டில் ஆயிலைத் தடவப் போன உதவியாளரை மெக்கானிக் கையைப் பிடித்து நிறுத்தினார். இந்த வகையை உலர்ந்த ஷாஃப்ட்டில், உலர்ந்தபடியே, கூடவே வருகிற பிளாஸ்டிக் வழிகாட்டி வளையத்தின் மேல் சறுக்கித்தான் ஏற்ற வேண்டும்.

கழற்றிய பழைய சீலை வாங்கிப் பார்த்தேன். உதடு கண்ணாடி போல இறுகியிருந்தது, ஆனால் பின்பக்கம் உலர்ந்துதான் இருந்தது. இத்தனை வருஷமும் அது ஒழுகவே இல்லை. கிராங்க் ஷாஃப்ட்டில் நகத்துக்குத் தட்டுப்படாத அளவுக்கு ஒரு மங்கல் வரி மட்டும். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஷாஃப்ட்டை மாற்றத் தேவையில்லை, 0.28 மி.மீ. தடிமனில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறையை மேலே ஏற்றிச் சீலுக்குப் புது முகம் கொடுக்கலாம் என்று மெக்கானிக் சொன்னார். பேரிங் செய்கிற எஸ்.கே.எஃப். கம்பெனி அதை விற்கிறது. எனக்குத் தேவைப்படவில்லை.

அட்டை மட்டும் இன்னும் இருக்கிறது. போன வாரம் வரை மாதக்கணக்கில் சுத்தம். நேற்றுக் காலை, எஞ்சினின் பெல்ட் பக்கத்துக்கு நேராக மூன்று சொட்டு, ரோஸ் நிறம், முகர்ந்தால் இனிப்பு. வாட்டர் பம்ப்பின் அடியில் சீல் போவதை முன்கூட்டிச் சொல்லவே ஒரு சின்ன ஓட்டை விட்டிருப்பார்கள். அங்கே விரல் வைத்துப் பார்த்தேன், ஈரம். பாக எண்ணைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். டைமிங் பெல்ட் அதே மூடிக்குள்தான் ஓடுகிறது, அதற்கும் மாற்ற நாள் நெருங்கிவிட்டது.